பிஎச்.டி. விண்ணப்பம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

முனைவர் பட்டச் சேர்க்கை பற்றி நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டேன். ‘நாட்டுப்புறப் பாடல்களில் பெண்கள்’ என்று ஆய்வுத் திட்டம் எழுதித் துறையில் கொடுத்தேன். ‘ரொம்பப் பொதுவாக இருக்கிறது, சுருக்கிக்கொண்டு வாம்மா’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எதைச் சுருக்குவது? எப்படிச் சுருக்குவது?
— வாசகி, கும்பகோணம்

அவர்கள் சொன்னது சரிதான். உங்கள் தலைப்பில் இடம் இல்லை, காலம் இல்லை, யார் பாடும் பாட்டு என்பதும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் கேள்வி இல்லை. பாட்டில் பெண்கள் வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத எதை நீங்கள் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதுதான் படிப்பவர் தேடுவது.

நீங்கள் இருப்பது கும்பகோணம். நடவுப் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பாய் நாற்றங்காலும் நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பரவிய பிறகு, பெண்கள் வரிசையாகக் குனிந்து நடும் வயல்கள் குறைந்துவிட்டன. நட்டவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தப் பாட்டு என்ன ஆயிற்று? கோயில் கொடைக்குப் போயிற்றா, பள்ளி ஆண்டு விழா மேடைக்குப் போயிற்றா, அல்லது பாட்டியின் நினைவில் மட்டும் கிடக்கிறதா? வயலில் இல்லாமல் மேடையில் பாடும்போது எந்த அடி விழுந்துபோகிறது, எது புதிதாகச் சேர்கிறது? இதில் கேள்வி இருக்கிறது. ஒருவர் மூன்று ஆண்டில் செய்து முடிக்கவும் முடியும்.

திட்டத்தின் முதல் பத்தி ஏறக்குறைய இப்படி அமையலாம்:

‘கும்பகோணம், திருவிடைமருதூர் வட்டங்களில் கைநடவு குறைந்த பிறகு நடவுப் பாட்டு எந்தச் சூழல்களில் பாடப்படுகிறது, சூழல் மாறும்போது அதன் அமைப்பும் பொருளும் எவ்வாறு மாறுகின்றன என்பதை இவ்வாய்வு ஆராய்கிறது. கைநடவு செய்து பழகிய, 45 வயதுக்கு மேற்பட்ட 30 பெண்களிடமிருந்து பாடல்கள் ஒலிப்பதிவு செய்யப்படும். வயல், வீடு, மேடை ஆகிய சூழல்களில் கிடைக்கும் ஒரே பாடலின் வடிவங்கள் அடி அடியாக ஒப்பிடப்படும். முன்பு அச்சான தொகுப்புகளிலுள்ள நடவுப் பாடல்கள் ஒப்பீட்டுக்கு அடிப்படையாகும்.’

‘தமிழர் பண்பாட்டின் கருவூலமாக விளங்கும் நாட்டுப்புற இலக்கியம்’ என்று தொடங்கும் முன்னுரை இதற்குத் தேவையே இல்லை. ஒரு துறைக்கு வரும் திட்டங்களில் பல அப்படித்தான் தொடங்குகின்றன. படிப்பவரின் கண் அதைத் தாண்டிப் போய்விடும்.

அடுத்தது முன்னாய்வுகள். முதலில் ‘சோத்கங்கா’ தளத்தைத் திறந்து, உங்கள் பொருளில் ஏற்கெனவே வந்த ஆய்வேடுகளைத் தேடுங்கள். தமிழ் எழுத்தில் மட்டும் தேடினால் பாதி கிடைக்காது. பல ஆய்வேடுகளின் தலைப்பு ஆங்கில எழுத்தில் பதிவாகியிருக்கிறது. ‘நாட்டுப்புற’ என்ற சொல்லில் ‘டி’ ஒன்றா இரண்டா, ‘ஏ’ ஒன்றா இரண்டா என்பது பதிவு செய்தவருக்கு ஏற்ப மாறும். நான்கைந்து விதமாக எழுத்துக் கூட்டித் தேடுங்கள். ‘நாட்டார்’, ‘வாய்மொழி’, ‘தொழில் பாடல்’ என்று போட்டும் பாருங்கள். கிடைத்தவற்றில் நெருக்கமான எட்டுப் பத்தைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: அவர் எந்தப் பகுதியில் என்ன செய்தார், எதைத் தொடவில்லை. பெயரும் ஆண்டும் மட்டும் அடுக்கிய பட்டியலை முன்னாய்வு என்று யாரும் ஏற்க மாட்டார்கள். அச்சுத் தொகுப்புகளில் நா. வானமாமலை தொகுத்தவை, பெர்சி மெக்வீன் சேகரித்து கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்தவை ஆகியவற்றில் தொழில் பாடல்களைப் பார்க்காமல் திட்டம் எழுத வேண்டாம். தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்துக்கும் ஒருமுறை போய்வருவது நல்லது.

கால அட்டவணையில் ‘முதலாண்டு: தரவு சேகரிப்பு’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். களப்பணி பயிரோடு ஒட்ட வேண்டும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தால் குறுவை நடவு ஜூன் கடைசி, ஜூலை. சம்பா, தாளடி நடவு அதற்குப் பிறகு. நீங்கள் ஆகஸ்டில் சேர்ந்தால் முதல் ஆறு மாதம் கோர்ஸ் வொர்க்கில், அதாவது ஆய்வுக்கு முன் படித்து முடிக்க வேண்டிய பாடங்களில் போய்விடும், குறைந்தது 12 கிரெடிட். ஆகவே வயலில் பதிவு செய்யும் உண்மையான வாய்ப்பு அடுத்த ஜூனில்தான். இதைத் திட்டத்தில் எழுதியிருந்தால், களம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வார்கள்.

ஒலிப்பதிவை எழுத்தாக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். வட்டார உச்சரிப்போடு எழுத, ஒரு மணி நேரப் பதிவுக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் பிடிக்கும். 30 பேர், ஆளுக்கு இரண்டு அமர்வு, அமர்வுக்கு ஒரு மணி என்றால் 60 மணி நேரப் பதிவு. எழுத்தாக்க ஏறக்குறைய 400 மணி. நாளுக்கு நான்கு மணி உட்கார்ந்தாலும் 100 வேலைநாள். 100 பேரைச் சந்திப்பேன் என்று ஆசையாக எழுதுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை. கேட்டால் நேர்காணலில் திணறுகிறார்கள்.

கருதுகோள் என்று ஒரு தலைப்பு படிவத்தில் இருக்கும். ‘பாடல்களில் பெண்களின் துயரம் வெளிப்படுகிறது’ என்று எழுதினால், அது பொய்யாகும் வாய்ப்பே இல்லாத வாக்கியம். ‘மேடை வடிவங்களில் பண்ணையாரைக் குத்திப் பாடும் அடிகள் விடுபடுகின்றன’ என்பது கருதுகோள். அது தவறாகவும் போகலாம். தவறாகிப் போனாலும் அது ஒரு கண்டுபிடிப்புதான்.

மொத்தம் ஆறு பக்கம் போதும். துறை பக்க வரம்பு சொல்லியிருந்தால் அதற்குள் நில்லுங்கள்.

நெட் தேர்வில் மூன்றாம் பிரிவில் வந்திருக்கிறேன். இந்த மதிப்பெண் எப்படிக் கணக்காகும்? எவ்வளவு நாள் செல்லும்?
— வாசகர், விருதுநகர்

2024 முதல் நெட் முடிவு மூன்று பிரிவாக வருகிறது. முதல் பிரிவு: ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை), உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கை மூன்றுக்கும். இரண்டாவது: உதவிப் பேராசிரியர், பிஎச்.டி. சேர்க்கை. மூன்றாவது: பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும். முதல் பிரிவினருக்கு நேர்காணல் மட்டும். மற்ற இரு பிரிவினருக்கும் நெட் மதிப்பெண் 70 விழுக்காடு, நேர்காணல் 30 விழுக்காடு.

300-க்கு 186 எடுத்திருந்தால் அது 62 விழுக்காடு; 70-க்கு 43.4. நேர்காணலில் 30-க்கு 24 வாங்கினால் மொத்தம் 67.4. பக்கத்திலிருப்பவர் நெட்டில் 30 மதிப்பெண் கூடுதலாக வாங்கியிருந்தாலும் அது வெறும் 7 புள்ளிதான். நேர்காணலில் அதை எட்டிப் பிடிக்கலாம்.

இரண்டாம், மூன்றாம் பிரிவு மதிப்பெண் பிஎச்.டி. சேர்க்கைக்கு ஓராண்டுதான் செல்லும். எனவே முடிவு வந்ததும் ‘மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருக்காதீர்கள். சில பல்கலைக்கழகங்கள் தாங்களே நுழைவுத் தேர்வும் வைக்கின்றன. அறிவிக்கையில் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜே.ஆர்.எஃப். எழுத 30 வயது வரம்பு உண்டு, பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து ஆண்டு தளர்வு. பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் நெட் எழுத வயது வரம்பு இல்லை. 2023 ஜனவரி முதல் ஜே.ஆர்.எஃப். மாதம் 37,000 ரூபாய், எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனபின் 42,000, விதிப்படி வீட்டு வாடகைப் படி தனி. உங்களுக்கு வயது இருந்தால், சேர்ந்த பிறகும் முதல் பிரிவுக்காக மறுபடி எழுதிப் பாருங்கள்.

பதினைந்து பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒருவர்கூடப் பதில் போடவில்லை. கைடு ஒப்புதல் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாதாமே?
— வாசகி, ஈரோடு

நீங்கள் இணைத்து அனுப்பிய மின்னஞ்சலைப் பார்த்தோம். பதினைந்து பேருக்கும் ஒரே வாசகம், ஒரே நேரத்தில், எல்லா முகவரியும் ஒன்றாகத் தெரியும்படி. ‘தங்கள் மேலான வழிகாட்டுதலில் ஆய்வு செய்ய மிகுந்த ஆவலாக உள்ளேன், எந்தத் தலைப்பானாலும் சம்மதம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தத் தலைப்பானாலும் சம்மதம் என்பதைப் பணிவு என்று நினைத்துத்தான் எழுதியிருப்பீர்கள். படிக்கிறவருக்கோ, இவரிடம் சொந்தமாக ஒரு கேள்வியும் இல்லை என்று படும்.

முதலில் யாரிடம் இடம் இருக்கிறது என்று பாருங்கள். யு.ஜி.சி.யின் 2022 ஒழுங்குமுறைப்படி ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர்வரைதான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுக்கும் குறைவாக இருப்பவர் புதிதாக ஆள் எடுக்க முடியாது. பெயர் பெற்ற பேராசிரியர்களிடம் பெரும்பாலும் இடம் இருக்காது. அவருடைய துறையில் புதிதாக வழிகாட்டி ஏற்பு பெற்ற உதவிப் பேராசிரியரிடம் இருக்கும். பல்கலைக்கழகம் வழிகாட்டிகளின் காலியிடப் பட்டியல் வெளியிட்டிருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள்.

பிறகு, அவர் வழிகாட்டிய ஆய்வேடுகளைச் சோத்கங்காவில் நெறியாளர் பெயரை வைத்துத் தேடுங்கள். அவர் எந்தப் பக்கம் சாய்கிறார், மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்திருக்கிறார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும். இரண்டையாவது திறந்து முன்னுரையும் முடிவுரையும் படித்துவிட்டு எழுதுங்கள்:

‘மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். நான் எம்.காம். (68%) முடித்து, நெட் மூன்றாம் பிரிவில் தேர்ச்சி பெற்றுள்ளேன். தங்கள் வழிகாட்டுதலில் வந்த மஞ்சள் வணிகம் பற்றிய ஆய்வேட்டில், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வெளியே நடக்கும் விற்பனை பற்றிய தரவு கிடைக்கவில்லை என்று முடிவுரையில் கூறப்பட்டுள்ளது. சிறு விவசாயிகள் எந்தக் காரணங்களால் கூடத்துக்கு வெளியே விற்கிறார்கள் என்பதை ஆராய விரும்புகிறேன். இரண்டு பக்கக் குறிப்பை இணைத்துள்ளேன். இந்தப் பருவத்தில் தங்களிடம் இடம் உண்டா, பத்து நிமிடம் நேரில் சந்திக்க இயலுமா எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

இவ்வளவுதான். இணைப்பில் இரண்டு பக்கக் குறிப்பு, ஒரு பக்கத் தன்விவரம். கோப்புக்கு உங்கள் பெயரை வையுங்கள். ‘நியூ டாக்குமெண்ட் 3’ என்று அனுப்ப வேண்டாம். பத்து நாள் பாருங்கள், ஒரே ஒரு நினைவூட்டல் போடுங்கள். அதன் பிறகும் பதில் இல்லை என்றால் துறை அலுவலகத்தில் நேரம் கேட்டு நேரில் போங்கள். நம் ஊரில் பல பேராசிரியர்கள் மின்னஞ்சலைவிட எதிரில் வந்து நிற்கும் மாணவருக்கே பதில் சொல்கிறார்கள்.

எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல். ‘நொய்யல் ஆற்றின் நீர் மாசு’ பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறேன். 25 இடங்களில் மாதாமாதம் மாதிரி எடுத்து, எல்லா உலோகங்களையும் பார்க்கத் திட்டம். சரியாக இருக்குமா?
— வாசகர், திருப்பூர்

25 இடம், 12 மாதம், இடத்துக்கு மூன்று மாதிரி என்றால் ஆண்டுக்கு 900 பாட்டில். அதைக் கழுவி, வடிகட்டி, நைட்ரிக் அமிலம் விட்டு பி.எச். 2-க்குக் கீழே இறக்கி, குளிரில் வைத்து, அளந்து முடிக்க ஓர் ஆள் போதாது.

நொய்யல் நீரில் உப்பு எவ்வளவு, உலோகம் எவ்வளவு என்று அளந்த ஆய்வுகள் ஏராளம். இன்னொரு முறை அளந்து ‘அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகம்’ என்று சொல்வதற்குப் பட்டம் தேவையில்லை. திருப்பூர்க்காரர் நீங்கள், வரலாறு உங்களுக்கே தெரியும். 1992-இல் பாசனத்துக்காக வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாக மாறியது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டது. அதன் பிறகு கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு ஆலைகள் மாற வேண்டியிருந்தது. அப்படியென்றால் இன்று கேட்க வேண்டிய கேள்வி வேறு. அடிச்சேற்றில் படிந்துபோன பழைய உலோகம் அங்கேயே கட்டுண்டு கிடக்கிறதா, வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் மறுபடி கரைந்து கீழே போகிறதா?

இதற்கு நீரைவிடச் சேறு முக்கியம். சேற்றிலுள்ள உலோகத்தின் மொத்த அளவு தெரிந்தால் போதாது. எவ்வளவு எளிதில் கழலும் நிலையில் இருக்கிறது என்று பார்க்க பி.சி.ஆர். (BCR) தொடர் பிரித்தெடுப்பு முறை உண்டு. அதில் ஒரு மாதிரி, மூன்று படியும் மிச்சமுமாக நான்கு கரைசல் ஆகும். இப்போது கணக்குப் போடுங்கள். 10 இடம், மழைக்கு முன்னும் பின்னும், இரண்டு ஆண்டு, மும்மூன்று மாதிரி: 120 மாதிரி, 480 கரைசல். குரோமியம், செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம் என்று ஐந்து உலோகத்தை எடுத்துக்கொண்டால், ஐ.சி.பி.–எம்.எஸ். கருவி ஐந்தையும் ஒரே ஓட்டத்தில் சொல்லிவிடும். ஏ.ஏ.எஸ். மட்டும்தான் இருக்கிறது என்றால் உலோகத்துக்கு ஒரு தடவையாக 2,400 அளவீடு. வெளியில் கொடுத்து ஒரு கரைசலுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் 2,40,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப். பெறும் அறிவியல் மாணவருக்கே முதல் இரண்டு ஆண்டுகளில் சில்லறைச் செலவுத் தொகை ஆண்டுக்கு 12,000 ரூபாய்தான். உதவித்தொகை இல்லாதவர் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

அதனால் 6 இடமாகக் குறையுங்கள்: அணைக்கு மேலே இரண்டு, அணைக்குள் இரண்டு, கீழே இரண்டு. ஓராண்டில் இரண்டு பருவம், மும்மூன்று மாதிரி என்றால் 36 மாதிரி, 144 கரைசல், அதே விலையில் 72,000 ரூபாய். எல்லா உலோகமும் வேண்டாம், அந்த ஐந்தும் போதும். ஒவ்வொரு தொகுதியோடும் வெற்றுக் கரைசல் ஒன்றும், சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுச் சேறு ஒன்றும் ஓட்டுவேன் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாவிட்டால் வேதியியல் தெரிந்த உறுப்பினர் அங்கேயே நிறுத்திவிடுவார்.

இடத்தைக் குறைத்தால் ஆய்வு சிறிதாகிவிடும் என்று பயப்படாதீர்கள். 25 இடத்தில் நுனிப்புல் மேய்வதைவிட, ஆறு இடத்தில் உலோகம் எந்த நிலையில் உட்கார்ந்திருக்கிறது என்று சொல்வது பெரிய வேலை. கருவி உங்கள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறதா, வேலை செய்கிறதா, வரிசை எத்தனை மாதம் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு திட்டத்தில் எழுதுங்கள். இருந்தும் ஓடாத கருவியை நம்பி ஓராண்டை இழந்துவிடக் கூடாது.

1947-க்கு முந்தைய தமிழ்ப் பெண்கள் இதழ்களைப் பற்றி ஆய்வு செய்ய ஆசை. ஆதாரம் கிடைக்குமா?
— வாசகி, மதுரை

கிடைக்கும், ஆனால் துண்டு துண்டாக. விண்ணப்பிக்கும் முன் ஒரு வாரம் சென்னைக்குப் போய்வாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எழும்பூரில் கன்னிமாராவும் ஆவணக் காப்பகமும். இணையத்தில் தமிழ் மின்னூலகம். பாரதி ஆசிரியராக இருந்த ‘சக்கரவர்த்தினி’, வை.மு. கோதைநாயகி 1925 முதல் நடத்திய ‘ஜகன்மோகினி’ என்று பெயர் தெரிந்துகொள்வது எளிது. எந்த ஆண்டின் எந்த மாத இதழ் எங்கே இருக்கிறது, எது எங்கும் இல்லை என்பதுதான் கடினம். அதை ஒரு பக்க அட்டவணையாக்கித் திட்டத்தோடு இணையுங்கள். பல பக்கங்களில் எழுதும் பெண்ணிய விளக்கத்தைவிட அந்த ஒரு பக்கம் உங்களுக்காகப் பேசும். பாதி இதழ்கள் இல்லை என்று தெரிந்தால், இருக்கும் காலத்துக்கு ஏற்பத் தலைப்பின் ஆண்டுகளை மாற்றிக்கொள்ளலாம். சேர்ந்த பிறகு தலைப்பை மாற்றுவதென்றால் குழு, கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு எல்லாம் உண்டு.

சான்றிதழ் சரிபார்ப்பில் பலர் திரும்பிப் போவதாகக் கேள்விப்பட்டேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
— வாசகர், திண்டுக்கல்

மூன்று இடத்தில்.

ஒன்று, மதிப்பெண். முதுகலையில் 55 விழுக்காடு, எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயர் அல்லாத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளி, இ.டபிள்யூ.எஸ். பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு. 54.8-ஐ 55 என்று தாமாக முழுமையாக்கி எழுதுபவர்கள் அங்கேயே நிற்கிறார்கள். கிரேடு மட்டும் உள்ள மதிப்பெண் பட்டியல் என்றால், அதை விழுக்காடாக மாற்றும் வாய்ப்பாடு பட்டியலின் பின்பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள்; இல்லையென்றால் பல்கலைக்கழகத்திடம் கடிதம் வாங்குங்கள். நான்கு ஆண்டு இளநிலை முடித்து நேரடியாக வருபவருக்கு 75 விழுக்காடு வேண்டும்.

இரண்டு, சாதிச் சான்று. இது நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப நடக்கும் தவறு. பி.சி., எம்.பி.சி. என்று தமிழ்நாடு அரசு தரும் சான்றை மத்தியப் பல்கலைக்கழகத்திலோ ஐ.ஐ.டி.யிலோ ஓ.பி.சி.க்குக் காட்ட முடியாது. மத்திய அரசு வடிவில், கிரீமி லேயரில் வரவில்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்று தனியாக வாங்க வேண்டும்; அதுவும் அறிவிக்கை கேட்கும் தேதிக்குப் பின் வாங்கியதாக இருக்க வேண்டும். மாநிலப் பட்டியலில் இருக்கும் சில சாதிகள் மத்தியப் பட்டியலில் இல்லை. தேசிய பிற்படுத்தப்பட்டோர் ஆணையத்தின் தளத்தில் முதலில் பார்த்துவிட்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள்.

மூன்று, இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா சுப்பிரமணியன்’, பட்டச் சான்றில் ‘கவிதா எஸ்.’ என்று இருந்தால் மூன்று ஆள் மாதிரி இருக்கும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே எழுதுங்கள். மூன்றும் ஒருவரே என்ற சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். எழுத்தே மாறியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம்தான் வழி. அதற்குக் காலம் பிடிக்கும்.

இவை போக, வேறு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவருக்கு மைக்ரேஷன் சான்று. கட்டணத்தைக் கடைசி நாள் மாலையில் கட்டாதீர்கள். பணம் பிடிபட்டு ரசீது வராமல் போனால் மறுநாள் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர் நான். பகுதிநேரமாகச் சேரலாமா?
— வாசகர், சேலம்

சேரலாம். பகுதிநேரம் என்றாலும் தகுதி, கோர்ஸ் வொர்க், வைவா எல்லாம் முழுநேரத்தார்க்கு உள்ளவைதான். தடையில்லாச் சான்றில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி உண்டு, வேலை போக ஆய்வுக்கு நேரம் கிடைக்கும், தேவைப்பட்டால் கோர்ஸ் வொர்க் முடிக்க விடுவிப்போம். ‘ஆட்சேபணை இல்லை’ என்ற ஒற்றை வரிச் சான்று செல்லாமல் போகலாம். துறையின் முன் அனுமதி வாங்கிய பிறகே சேருங்கள். சேர்ந்துவிட்டு அனுமதி கேட்டால் பிற்பாடு சிக்கல்.

‘வெளிநாட்டுப் பல்கலைக்கழகம், ஆன்லைன் பிஎச்.டி., 18 மாதம், சினாப்சிஸும் நாங்களே எழுதித் தருவோம்’ என்று அழைப்பு வருகிறது. நம்பலாமா?
— வாசகர், கோவை

வேண்டாம். இந்தியாவில் பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு. கல்வித் தொழில்நுட்ப நிறுவனங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் பிஎச்.டி.யை அங்கீகரிப்பதில்லை என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் 2022 அக்டோபரிலேயே கூட்டாக எச்சரித்திருக்கின்றன.

எழுதிக் கொடுப்பவர்கள் பற்றி: ஒரே சுருக்கத்தை ஊர்ப் பெயர் மாற்றிப் பலருக்கு விற்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் எழுதி வாங்குபவர்களுக்கும் இதே ஆபத்து. அது இல்லாத நூலை, இல்லாத ஆண்டோடு, நம்பும்படி எழுதித் தரும். திட்டத்தில் போடும் ஒவ்வொரு நூலையும் நீங்கள் கையில் எடுத்துப் புரட்டியிருக்க வேண்டும். ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் யு.ஜி.சி.யின் 2018 ஒழுங்குமுறைப்படி நடவடிக்கை தொடங்குகிறது. 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன். பரிந்துரைக் கடிதத்தை ‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்கிறார் பேராசிரியர். என்ன செய்வது?
— வாசகி, திருச்சி

நீங்கள் எழுத வேண்டாம். மூன்று கடிதமும் ஒரே நடையில் இருந்தால் அங்கே சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதில் அவருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள்: அவரிடம் எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் படித்தீர்கள், செய்முறையில் எது சொதப்பி எப்படிச் சரிசெய்தீர்கள், திட்டப்பணியில் உங்கள் பங்கு எது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அவருக்கு அரை மணி நேர வேலைதான். ‘ஒழுக்கமான, கடின உழைப்பாளியான மாணவி’ என்ற கடிதத்தால் பயனில்லை. ‘கருவி பழுதானபோது வேறு முறையில் அளந்து, இரண்டும் ஒத்துப்போவதைக் காட்டினார்’ என்ற ஒரு வரி எடை உள்ளது.

கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பரில் வரும். அக்டோபர் நடுவிலேயே பேராசிரியர்களிடம் சொல்லிவிடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். ‘ஆம்’ என்று குறியுங்கள். ஜிமெயிலைவிடக் கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து கடிதம் போவது நல்லது. டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டு, ஜி.ஆர்.இ. ஐந்து ஆண்டு செல்லும். பல துறைகள் ஜி.ஆர்.இ. கேட்பதை நிறுத்திவிட்டதால், துறையின் பக்கத்தைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். விண்ணப்பக் கட்டணத் தள்ளுபடி கேட்டு எழுதலாம், கூச்சம் வேண்டாம்.

நோக்க அறிக்கையைச் ‘சிறுவயதிலிருந்தே அறிவியலில் ஆர்வம்’ என்று தொடங்காதீர்கள். எம்.எஸ்சி. திட்டப்பணியில் பதில் கிடைக்காமல் நின்றுபோன கேள்வியில் தொடங்குங்கள்.

நேர்காணலில் என்ன கேட்பார்கள்?
— வாசகி, தூத்துக்குடி

உங்கள் ஆய்வை இரண்டு வாக்கியத்தில் சொல்லச் சொல்வார்கள். ஏற்கெனவே யார் செய்திருக்கிறார்கள் என்பார்கள். நினைத்த தரவு கிடைக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்பார்கள். இங்கேதான் பலர் ‘கண்டிப்பாகக் கிடைக்கும் சார்’ என்கிறார்கள். மாற்று வழி ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், எங்கே தேடுவீர்கள் என்பதையும் கூடவே சொல்லுங்கள். ஆய்வுத் திட்டத்தை இரண்டு பிரதி கையில் கொண்டுபோங்கள். உறுப்பினர்களிடம் சில சமயம் அது போய்ச் சேர்ந்திருக்காது.

கைக்குழந்தை இருக்கிறது. இப்போது சேர்ந்தால் காலக்கெடுவுக்குள் முடிக்க முடியுமா என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, புதுச்சேரி

சேருங்கள். அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவில் இரண்டு ஆண்டு நீட்டிக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு, ஆக மொத்தம் பத்து. மகப்பேறு, குழந்தை பராமரிப்பு விடுப்பு ஆய்வுக் காலத்தில் 240 நாள்வரை உண்டு. நெறியாளரிடம் முதல் சந்திப்பிலேயே குழந்தையின் வயதைச் சொல்லி, கோர்ஸ் வொர்க் வகுப்புகள் வாரத்தில் எந்தெந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். களப்பணியும் வெளியூர்ப் பயணமும் இரண்டாம் ஆண்டில் வரும்படி அட்டவணை போடுங்கள்.